பெயர் இருக்கும், ஃபைல் இருக்காது!

தில்லி லோதி எஸ்டேட்டில் சர்தார் படேல் வித்யாலயா என்றொரு பள்ளி இருக்கிறது. அங்கே படித்த சஞ்சய் மெஹ்ரோத்ரா என்ற மாணவர் பிலானிக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். விசா பலமுறை மறுக்கப்பட்டு, அவருடைய அப்பா தூதரக அதிகாரியிடம் வாதாடி வாங்கிக் கொடுத்த கதையை அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். 1988-ல் எலி ஹராரி, ஜாக் யுவான் என்ற இருவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம்தான் சான்டிஸ்க். 2017 முதல் மைக்ரான் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார். குஜராத்தின் சானந்தில் மெமரி சிப் ஆலை அமைப்பதாக 2023-ல் அறிவித்த அதே மைக்ரான்.

தில்லிக்காரர் ஒருவர் சேர்ந்து உருவாக்கிய பெயர்தான் தில்லிச் சந்தையில் அதிகம் திருடப்படும் பெயர்களில் ஒன்று. தன் பெயரைப் போட்டு மெமரி கார்டும் பிற சரக்கும் விற்றவர்கள்மீது சான்டிஸ்க் நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு மேல் வழக்காகத் தொடுத்திருக்கிறது. தடையுத்தரவு வரும், நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் கடைக்கே போய்ச் சரக்கைக் கைப்பற்றி சீல் வைப்பார், சில மாதங்களில் வேறொரு கடை முளைக்கும்.

போலிச் சரக்கு இந்த ஊருக்குப் புதிதில்லை. அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகம் போலிப் பொருள்களுக்குப் பேர்போன சந்தைகளின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நேரு பிளேஸ், கரோல் பாக் காஃபர் மார்க்கெட், டேங்க் ரோடு, கன்னாட் பிளேஸில் பூமிக்கடியில் இருக்கும் பாலிகா பஜார் ஆகிய பெயர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் அதில் வந்திருக்கின்றன. பிறகு அந்தப் பட்டியல் செல்போனுக்குள்ளும் நுழைந்தது. 2019-ம் ஆண்டுக்கான பட்டியலில் ஸ்னாப்டீலும் அமேசானின் இந்தியத் தளமும் இடம்பெற்றன, 2021-ல் இந்தியாமார்ட் சேர்ந்தது. ஸ்னாப்டீலின் தலைமையகம் குருகிராம், இந்தியாமார்ட்டுடையது நொய்டா. இரண்டுமே தில்லி மெட்ரோ போகிற தூரம்தான். அமெரிக்க வணிக நலன்களின் கண்ணோட்டத்தில் தயாரான பட்டியல் அது, குற்றத்தீர்ப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது அதில் தெரிகிறது.

ஒரு விஷயத்தில் நேரு பிளேஸ் கடைக்காரரை நான் மெச்சுவேன். 'பக்கா பில் வேண்டுமா, கச்சா பில் போதுமா', அதாவது முறையான ரசீதா துண்டுச் சீட்டா என்று அவர் கேட்கும்போதே பாதி உண்மை வெளியே வந்துவிடும். ஒரிஜினலுக்கு ஒரு விலை, காப்பிக்கு ஒரு விலை என்று கூச்சமில்லாமல் சொல்பவர்களும் உண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பர்மா பஜாரிலும் நடந்து பழகியவர்களுக்கு இது புரியும். ஆன்லைனில் அந்தக் கேள்வியே கிடையாது. எல்லாமே ஒரிஜினல், எல்லாமே 80 சதவீதத் தள்ளுபடி, எல்லாமே இன்று நள்ளிரவோடு முடிகிற சலுகை.

இப்படித்தான் '2 டிபி பென்டிரைவ்' என்ற விளம்பரம் ஐநூறு ரூபாய்க்கும் கீழான விலையோடு நம் திரைக்கு வருகிறது. 2 டிபி பென்டிரைவ் உலகத்தில் இல்லாமல் இல்லை. கிங்ஸ்டன் நிறுவனம் 2017 ஜனவரியில் அப்படியொன்றை அறிவித்தது. அது கட்டைவிரலைவிடத் தடித்த உலோகக் கட்டி. விலையும் சாதாரணமாக யாரும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிற விலை இல்லை. மெமரி சிப் உலகச் சந்தையில் விலை பேசி விற்கப்படும் பண்டம். சிப்பின் விலைக்கும் கீழே பென்டிரைவ் கிடைக்கிறது என்றால், உள்ளே அந்த சிப் இல்லை என்று அர்த்தம். 2025-ன் பிற்பகுதியில் மெமரி விலைகள் ஏறத் தொடங்கின. ஒரிஜினல் விலை ஏற ஏற, போலிக்காரரின் லாபமும் ஏறும்.

கணக்குப்பிள்ளையை விலைக்கு வாங்குதல்

போலி என்றதும் மட்டமான பிளாஸ்டிக், ஒரு மாதத்தில் உடைந்துபோகும் சாமான் என்றுதான் நினைப்போம். பென்டிரைவில் விவகாரம் வேறு. அது தன் அளவைப் பற்றியே பொய் சொல்லும். அந்தப் பொய்யைக் கம்ப்யூட்டரும் நம்பும்.

ஒவ்வொரு பென்டிரைவிலும் தகவலைச் சேமிக்கும் ஃபிளாஷ் சிப்போடு, கன்ட்ரோலர் என்ற இன்னொரு சிப்பும் உண்டு. ஃபிளாஷ் சிப் குறையில்லாமல் பிறப்பதில்லை. அதில் வேலை செய்யாத பகுதிகள் இருக்கும், நாள்பட நாள்பட இன்னும் சில பகுதிகள் செத்துப்போகும். எது நல்ல இடம், எது செத்த இடம் என்று கணக்கு வைத்து வேலை வாங்குவது கன்ட்ரோலர். உண்மையில் அது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். மின்னணுப் பொறியாளர் ஆண்ட்ரூ 'பன்னி' ஹுவாங், தன் தயாரிப்புக்காக வாங்கிய கிங்ஸ்டன் மெமரி கார்டுகளில் சில சந்தேகத்துக்குரியவையாக இருக்கவே, சீனாவின் ஷென்ஜென் சந்தை வரை போய்த் துருவி 2010-ல் எழுதினார். 2013 டிசம்பரில் ஹாம்பர்க் மாநாடொன்றில், மெமரி கார்டுக்குள் இருக்கும் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்தே புதிய புரோகிராமை ஏற்ற முடியும் என்று தன் சகாவோடு சேர்ந்து செய்தே காட்டினார்.

போலிக்காரர் பயன்படுத்துவதும் அந்த வாசலைத்தான். தொழிற்சாலையில் கன்ட்ரோலருக்கு முதல் முறை புரோகிராம் ஏற்றும் மென்பொருள்கள் வெளியே கசிந்து கிடக்கின்றன. 32 ஜிபி சிப் உள்ள பென்டிரைவில் '2 டிபி' என்று ஓர் எண்ணை மாற்றி எழுதினால் போதும். அதன்பின் விண்டோஸ், மேக், டிவி, கார் ஸ்டீரியோ என எதில் செருகினாலும் 2 டிபி என்றே பதில் வரும்.

கரோல் பாக்கில் 32 அறை மட்டுமே உள்ள ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வரவேற்பறைப் பதிவேட்டில் 2,000 அறை எண்கள். மேலாளர் வருகிற எல்லோருடைய பெயரையும் எழுதி, சாவியும் கொடுத்துவிடுவார். முப்பத்து மூன்றாவது ஆளிலிருந்து இரண்டில் ஒன்று நடக்கும். சாவிக்கு அறையே இருக்காது, அல்லது ஏற்கெனவே தங்கியிருப்பவரை வெளியே தள்ளிவிட்டு இவரைப் படுக்க வைப்பார்கள். பதிவேட்டில் மட்டும் எல்லோர் பெயரும் அழகாக இருக்கும்.

பென்டிரைவில் அந்தப் பதிவேடு இருப்பது தொடக்கப் பகுதியில், உண்மையான சிப் இருக்கும் இடத்தில். அதனால் ஃபைலின் பெயர், அளவு, தேதி எதுவும் கெடாது. காப்பி செய்யும்போது பச்சைக் கோடு கடைசி வரை ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது. வீட்டுக்குப் போய்த் திறந்தால் வீடியோ ஓடாது, போட்டோவில் பாதி சாம்பல் நிறமாக நிற்கும். ஆளைக் கவிழ்க்கும் இன்னொரு விஷயம், முதலில் போட்ட நூறு போட்டோ பெரும்பாலும் நன்றாகவே திறக்கும். 'ஏதோ வைரஸ்', 'ஏதோ நம் தப்பு' என்று வாங்கியவர் தன்னையே நொந்துகொள்வார்.

உள்ளே என்னதான் இருக்கிறது? ஜெர்மனியின் சிபிஎல் என்ற தரவு மீட்பு நிறுவனம், பழுதென்று தன்னிடம் வந்த பென்டிரைவ்களைப் பிரித்துப் பார்த்ததை 2024 பிப்ரவரியில் வெளியிட்டது. தயாரிப்பாளரின் முத்திரை சுரண்டி எடுக்கப்பட்ட சிப்கள், தரப் பரிசோதனையில் தேறாமல் கழிக்கப்பட்டவை, சிலவற்றில் முழு மைக்ரோ எஸ்டி கார்டையே பலகையில் பற்றவைத்திருந்தார்கள். அளவைப் பற்றிப் பொய் சொல்லாத மலிவுச் சரக்கிலும் இந்தக் கழிசல் சிப் இருக்கக்கூடும் என்பதுதான் இதில் கவலைக்குரியது.

நட்சத்திரத்தை நம்பாதீர்கள்

'நாலரை நட்சத்திரம் இருந்ததே' என்பார்கள். பெரும்பாலோர் மதிப்புரை எழுதுவது பார்சல் வந்த அன்றே. 'சூப்பர் பேக்கிங், 2 டிபி காட்டுகிறது' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவார்கள். அது காட்டத்தான் செய்யும். காட்டுவதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. உண்மை தெரிய மாதங்கள் ஆகலாம். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும், விற்றவர் வேறு பெயரில் கடை திறந்திருப்பார். போலிக்காரரின் வியாபாரம் முழுக்க இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. ஆன்லைன் மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஒரு தர அளவுகோலைக் கொண்டுவந்தது. அது கட்டாயமில்லை என்பதோடு அந்தக் கதை முடிந்தது.

மதிப்புரையைவிட விற்பவர் பெயரைப் பாருங்கள். ஒரே பொருளின் பக்கத்தில் நாலைந்து பேர் விற்பார்கள். பிராண்டு பெயர் ஒன்று, விற்பவர் யாரோ. அவருடைய முகவரியைக் காட்ட வேண்டியது தளத்தின் கடமை. பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். அதன் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும், தில்லிக்கு 07, தமிழ்நாட்டுக்கு 33. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார், எந்த ஊர் என்று வந்துவிடும். அட்டையில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. 256 ஜிபிக்கு மேற்பட்ட யுஎஸ்பி வெளிச் சேமிப்புச் சாதனங்களுக்குத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு தேவை. ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண் பொருளில் இருக்கும். அந்த அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். ஐநூறு ரூபாய் '2 டிபி'யில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

பார்த்தே பிடிக்கக்கூடிய ஒரு சின்னத் திருட்டும் உண்டு. யுஎஸ்பி 3.0 வேகம் என்று சொல்லி, செருகும் நாக்கை நீலப் பிளாஸ்டிக்கில் செய்து விற்பார்கள். பழைய யுஎஸ்பி 2.0-க்கு நாலு உலோகப் பட்டைகள், 3.0-க்கு ஒன்பது. முன்னால் நாலு, அதற்குப் பின்னால் ஐந்து. நீலம் இருந்து ஐந்து இல்லையென்றால் நீங்கள் காசு கொடுத்தது நிறத்துக்கு மட்டும்தான்.

வீண் சண்டைக்கும் போய்விட வேண்டாம். 64 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 59.6 என்று காட்டுவது ஏமாற்று அல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது. 1 டிபி 931 ஆகத்தான் தெரியும்.

நிரப்பிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை

அட்டை, ஹாலோகிராம், எழுத்துரு எல்லாவற்றையும் இன்று அச்சு அசலாக அடித்துவிடுகிறார்கள். நிச்சயமான சோதனை ஒன்றுதான். முழுக்க நிரப்பு, திரும்பப் படி.

விண்டோஸில் இதற்கு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜெர்மனியின் சிடி என்ற கம்ப்யூட்டர் பத்திரிகையைச் சேர்ந்த ஹரால்ட் பேகெஹோல்ட்ஸ் எழுதியது. தோற்றம் அரதப்பழசு, வேலையில் கெட்டி. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து எழுதிச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினால், ஒரு ஜிபி ஒரு ஜிபியாக எழுதி நிரப்பி, பிறகு எழுதியதையெல்லாம் படித்து ஒப்பிடும். உண்மையில் எவ்வளவு இடம் தேறுகிறது, எவ்வளவு காணாமல் போனது என்று கடைசியில் கணக்குக் கொடுக்கும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3, அதாவது ஃபைட் ஃபிளாஷ் ஃப்ராட். அவசரக்காரர்களுக்கு ஸ்டீவ் கிப்சன் 2023-ல் வெளியிட்ட வேலிடிரைவ். பென்டிரைவ் நெடுக 576 இடங்களில் மட்டும் தொட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடும்.

நேரம் பிடிக்கும். நொடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதும் 64 ஜிபி பென்டிரைவை நிரப்ப மட்டுமே ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். '2 டிபி'யை நொடிக்கு 20 எம்பி வேகத்தில் நிரப்ப 28 மணி நேரம் ஆகும். இவ்வளவு பெரிய எண்ணை அச்சடிப்பதே யாரும் நிரப்பிப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான். ஆனால் முழுவதையும் நிரப்ப வேண்டியதில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூவில் அளவைக் குறிப்பிடும் வசதி இருக்கிறது. நூறு ஜிபி எழுதச் சொன்னாலே பெரும்பாலான பொய்கள் உடைந்துவிடும்.

கம்ப்யூட்டரே இல்லாத வீடு என்றால், செல்போனில் ஓடிஜி இணைப்பான் மூலம் செருகி, பெரிய வீடியோக்களைக் காப்பி செய்து நிரப்புங்கள். முறையாக வெளியேற்றி, கழற்றி, மறுபடி செருகிவிட்டுப் பாருங்கள். கழற்றாமல் பார்த்தால் போன் தன் நினைவிலிருந்தே காட்டி ஏமாற்றும். முதல் வீடியோ, நடு வீடியோ, கடைசி வீடியோ மூன்றையும் இடையிடையே தள்ளித் தள்ளி ஓட்டிப் பாருங்கள். கடைசி மட்டும் போதாது. புதிதாக வந்தது முதலில் இருந்ததைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. சோதனை முடியும்வரை சொந்த ஃபைல் எதையும் அதில் போடாதீர்கள். போலியென்று தெரிந்து திருப்பி அனுப்பும்போது உங்கள் ஆதார் நகலும் குடும்பப் போட்டோவும் கூடவே போய்விடும். போலி கன்ட்ரோலரில் அழித்தால் உண்மையிலேயே அழிந்ததா என்பதற்கும் உத்தரவாதமில்லை.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு: இனி ஒரு ஃபைலும் எழுத வேண்டாம், எழுத எழுத மிச்சமும் போகும். திறக்கிற ஃபைல்களை உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். திறக்காததை மீட்டுத்தருகிறேன் என்று எவராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். அழிந்த தகவலைச் சில வேளை மீட்கலாம். இங்கே பல ஃபைல்கள் எழுதப்படவே இல்லை. கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் கொடுக்கும் போட்டோகிராபர்கள், ஓல்ட் ராஜிந்தர் நகரில் தங்கி யுபிஎஸ்சி வகுப்பு வீடியோக்களைச் சேர்த்து வைக்கும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் இது பொருந்தும். ஒரே பிரதியைப் பென்டிரைவில் வைப்பது ஒரிஜினலிலும் ஆபத்துதான்.

எஃப்3-ல் போலியின் அளவை உண்மை அளவுக்குச் சுருக்கும் வசதி உண்டு. சுருக்கிக் காரில் பாட்டுக் கேட்கலாம். அதற்குமேல் அந்தச் சிப்பை நம்ப வேண்டாம். இன்னொருவர் தலையில் கட்டவும் வேண்டாம்.

'நோ ரிட்டர்ன்' என்றால்?

சட்டம் ஏட்டில் நன்றாகவே இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் போலியாகவோ பழுதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால், திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக்கூடாது. 'இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை' என்ற வரி இந்த விதிக்கு முன் நிற்காது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போலி வணிகக் குறியிட்ட சரக்கை விற்பவருக்கு 1999 வணிகக் குறிகள் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

தளத்தின் பொறுப்பு என்ன என்ற கேள்விக்குத் தில்லி உயர் நீதிமன்றம் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. கிறிஸ்தியன் லூபூத்தான் என்ற காலணி நிறுவனத்தின் வழக்கில் 2018 நவம்பரில் நீதிபதி பிரதிபா எம். சிங், விற்பனையில் முனைப்பாகப் பங்கெடுக்கும் தளம் 'நான் வெறும் இடைத்தரகர்' என்று ஒதுங்க முடியாது என்றார். 2020 ஜனவரியில் அமேசான்–ஆம்வே வழக்கில் இரு நீதிபதி அமர்வு, முனைப்பான தளம், சும்மா இருக்கும் தளம் என்ற பாகுபாடே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இல்லை என்றது. விளம்பரம் செய்வது, கிடங்கில் வைப்பது, பெட்டி கட்டுவது, பணம் வாங்குவது எல்லாம் தளம். போலி என்றால் மட்டும் விற்பவர் தனி, தளம் தனி. இதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2025 மார்ச்சில் தர நிர்ணய அமைவனம் தில்லி மோகன் கூட்டுறவுத் தொழிற்பேட்டையில் உள்ள அமேசான் கிடங்கில் சோதனை போட்டு, உரிய சான்றில்லாத கீசர், மிக்சி உள்ளிட்ட 3,500-க்கும் மேற்பட்ட பொருள்களைக் கைப்பற்றியது. கிடங்குக்குப் போக அரசுக்கு வழி தெரிகிறது. பென்டிரைவ் அலமாரிக்கும் போகலாமே?

புகார் செய்யப் போகிறவர் கையில் ஆதாரம் வேண்டும். பார்சலைப் பிரிக்கும் வீடியோ, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், சோதனை முடிவின் படம். விளம்பரப் பக்கத்தை முதலிலேயே எடுத்துவிடுங்கள், புகார் போனதும் அது மறையும். 'பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பணம் தருகிறோம்' என்று விற்பவர் சாட்டில் வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம், அது புகாரை மூடும் வேலை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் ஆட்சேபம் எழுப்பலாம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. விற்றவர் தில்லியில் இருந்தாலும் மதுரையில் வசிப்பவர் மதுரையிலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பென்டிரைவ் விலையோடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம். நானூறு ரூபாய்க்கு யார் அலைவார்கள் என்பதுதான் எதிராளியின் கணக்கு. அலைய வேண்டாம், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலும் புகாரைப் பதிவு செய்துகொள்கிறார்கள்.